ஜாக்கியம்மாவின் சாக்பீஸ் கோடு

கொதிக்கும் தண்ணீரிலிருந்து ரப்பர் சீலை இடுக்கியால் எடுத்து, துணியில் ஒற்றி, சூடு ஆறுவதற்குள் பிஸ்டன் மேல் இழுத்து மாட்டினாள் ஜாக்கியம்மா. இளகிய ரப்பர், கையில் வளையல் ஏறுகிற மாதிரி ஏறி, அதற்கென்று இருந்த பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. சுற்றிலும் ஒரு விரலை ஓட்டிப் பார்த்தாள். எங்கும் முறுக்கிக்கொள்ளவில்லை. சிலிண்டரின் உள்சுவரில் எண்ணெய் தடவி, பிஸ்டனைக் கொஞ்சம் சாய்த்து நுழைத்தாள். சீலின் உதடு வெளியே பிதுங்கி நின்றால் உள்ளே தள்ள ஒரு பழைய பல் பிரஷ் வைத்திருந்தாள். முடியை வெட்டிவிட்டு, காம்பைத் தேய்த்து நாக்கு மாதிரி ஆக்கிய பிரஷ். அந்த இடத்துக்கு யாராவது ஸ்க்ரூடிரைவரைக் கொண்டுபோனால் கையைத் தட்டிவிடுவாள்.

"ஒரு கீறல் விழுந்தா போதும். அந்த வழியா எண்ணெய் நழுவிட்டே இருக்கும். அப்புறம் லாரிக்கு அடியில படுத்திருக்கறவன் கதி என்ன?"

லாரி ஜாக்கி, இரும்பை அமுக்கும் பிரஸ், டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்கும் சிலிண்டர் என்று எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற எதையும் பழுது பார்ப்பாள். அதனால் தெருவுக்கே அவள் ஜாக்கியம்மா. வீட்டின் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் சமையலறையும் ஒரு அறையும். அந்த அறையில் அவள் கணவர் எட்டு மாதமாகப் படுத்திருந்தார். லாரி டிரைவர். சரக்கு மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்று அதையே பிழைப்பாக வைத்திருந்தவள் நான். தினமும் காலையில் போய் அவரைக் குளிப்பாட்டி, புரட்டி, முதுகைப் பார்த்துவிட்டு வருவேன்.

அவர் நல்ல கனம். பேச்சு அதைவிடக் கனம்.

"சிஸ்டர், நான் ஓட்டின லோடெல்லாம் சேர்ந்து இப்ப என் உடம்புல ஏறி உட்கார்ந்திருக்கு. வரி கட்டாத சரக்கு."

"பேசாம அந்தப் பக்கம் கையைப் பிடிங்க. புரட்டணும்."

புரட்டுவது இரண்டு பேரால் முடியும். தூக்கி நாற்காலியில் வைப்பதுதான் முடியவில்லை. ஆரம்பத்தில் அவளும் நானும் முயன்றோம். ஒருநாள் அவளுக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. நிமிர ஒரு வாரம் ஆயிற்று. அதற்குப் பிறகு பக்கத்துப் பட்டறைகளிலிருந்து நான்கு ஆண்கள் வந்து தூக்கினார்கள். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. இவர்தான், கண்ணை மூடிக்கொண்டு, "அவங்கவங்க வேலையைப் பாருங்கப்பா" என்று சொல்லி அதை நிறுத்திவிட்டார். ஆக, எட்டு மாதத்தில் பெரும்பாலும் படுக்கைதான். படுத்தே கிடக்கும் உடம்பில் என்னென்ன வரும் என்று எனக்குத் தெரியும். குதிகாலிலும் இடுப்பெலும்பு முனையிலும் சிவக்கத் தொடங்கியிருந்தது.

அவர்களுக்கு ஒரே மகள். வெளியூரில் ஆபீஸ் வேலை. கெட்ட பெண் இல்லை. தாயின் இடுப்பையும் தகப்பனின் முதுகையும் போனில் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் பிடித்துவிட்டாள். வியாழக்கிழமை காலை வண்டி வரும் என்று முடிவாயிற்று.

"அங்க தூக்கறதுக்கு ஆள் இருக்காங்க, மெஷின் இருக்கு. நீ ஒருத்தி என்னம்மா பண்ணுவ?"

"மெஷின்தான் வேணும்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாமே," என்றாள் ஜாக்கியம்மா. "நான் என்ன இத்தனை வருஷமா பூ கட்டிட்டா இருந்தேன்?"

கடையில் விற்கும் தூக்கும் யந்திரத்தை ஏற்கெனவே பார்த்தாயிற்று. அதன் கால்கள் கட்டிலுக்கு அடியில் போக வேண்டும். அவர்கள் கட்டில் அடியில் இழுப்பறை வைத்துத் தரையோடு தரையாக இருந்தது. கட்டிலை மாற்றினாலும் அந்த அறையில் யந்திரத்தைத் திருப்ப இடம் கிடையாது. அதனால் அவள் வேறு கணக்குப் போட்டாள். தரையிலும் கூரைத் தளத்திலும் போல்ட் போட்டு முறுக்கிய ஒரு இரும்புத் தூண். தூணிலிருந்து நீளும் ஒரு கை. கட்டிலுக்கு மேலிருந்து நாற்காலிக்கு மேல் வரை சுழலும் கை. கைக்கு அடியில் முட்டுக்கொடுத்து நிற்கும் சிலிண்டர். கையின் நுனியில் கொக்கி, கொக்கியில் தடித்த துணியால் தைத்த ஒரு தூளி.

"முப்பது வருஷம் குடும்பம் நடத்தி, கடைசியில தூளி கட்டித் தர்றா," என்றார் டிரைவர். "தாலாட்டும் உண்டா?"

"ஹார்ன் வேணா அடிக்கிறேன், கேட்டுட்டுத் தூங்குங்க."

அவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே இவரால்தான். கல்யாணமான புதிதில் இவருடைய லாரி ஜாக்கி வழியில் இறங்கிவிட்டது. நல்ல காலம், அடியில் ஆள் இல்லை. அதைப் பழுது பார்க்க ஒரு பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனவள், எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். மறுநாளும் போய் நின்றாள். "வேலை ஏதாவது இருந்தா கொடுங்க, சும்மா நிக்க எனக்கும் கூச்சமா இருக்கு" என்று கேட்டாளாம். மண்ணெண்ணெயில் நட்டு போல்ட் கழுவுகிற வேலை கொடுத்தார்கள். மெல்லிய விரல் என்று சீல் மாட்டும் வேலை கைக்கு வந்தது. பிறகு வால்வு, பிறகு பம்ப். அந்தப் பட்டறை மூடியபோது பாதி சாமானை வாங்கி வீட்டு முன்பக்கம் போட்டுக்கொண்டாள்.

ஒரு வழக்கத்தை அவள் விட்டதே இல்லை. பழுது பார்த்த எந்த ஜாக்கியையும் ஒரு இரும்புச் சட்டத்தில் வைத்து, அதன் தலைமேல் பழைய என்ஜின் பிளாக்குகளை அடுக்குவாள். வெளியே தெரியும் இரும்பு ராடு சிலிண்டருக்குள் நுழையும் இடத்தை ஒட்டி, சாக்பீஸால் ஒரு கோடு. மறுநாள் காலை முதல் வேலையாக அதைப் பார்ப்பாள். கோடு அங்கேயே இருந்தால் ஜாக்கி வெளியே போகும். கோடு உள்ளே இறங்கி மறைந்திருந்தால் மறுபடியும் பிரிப்பாள். முகம் சிவந்து நிற்கும் லாரிக்காரரிடம், "கோடு போயிடுச்சு, நாளைக்கு வாங்க" என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

கணவரைத் தூக்க அவள் எடுத்தது, பட்டறையிலேயே சிறந்த சிலிண்டர். பத்து டன் பிரஸ்ஸில் இருந்தது. எதிரே லேத் வைத்திருக்கும் லேத்துக்காரர்தான் தூணில் கை சுழல்வதற்கான புஷ் வளையத்தைக் கடைந்து கொடுத்தவர். அவர் சிலிண்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மாமாவைத் தூக்கப் பத்து டன்னா? வீட்டோட தூக்கிடும்போல இருக்கே அத்தை."

"எதைச் செஞ்சாலும் வேண்டியதைவிட ரெண்டு பங்கு தாங்கணும். இது இன்னும் நாலு பங்கு தாங்கட்டுமே. உனக்கென்ன?"

சிலிண்டரை வழக்கம்போல் என்ஜின் பிளாக்குகளுக்கு அடியில் வைத்தாள். காலையில் கோடு மயிரிழைகூட நகரவில்லை. இரும்புக் கையைத் தனியாக, கட்டையில் முட்டுக்கொடுத்துச் சோதித்தாள். டிரைவரின் எடையைப்போல் இரண்டு மடங்கு மணல் மூட்டையை நுனியில் தொங்கவிட்டபோது கை கண்ணுக்குத் தெரிய வளைந்தது. நான் பின்வாங்கினேன்.

"பயப்படாதீங்க அக்கா. எறக்கினதும் பாருங்க."

மூட்டையை இறக்கியதும் கை நேரானது. "வளைஞ்சு திரும்பினா இரும்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். வளைஞ்சது வளைஞ்சபடியே நின்னாத்தான் அதோட எல்லை தாண்டிடுச்சு. கொக்கி ஆணியைக்கூட நான் சூடு காட்டிக் கெட்டியாக்கலை. கெட்டியான ஆணி சொல்லாம கொள்ளாம உடையும். கொஞ்சம் மெத்துன்னு இருக்கற இரும்பு முதல்ல வளைஞ்சு காட்டும். நமக்கு ஓட நேரம் கிடைக்கும்."

திங்கட்கிழமை காலை அவரைத் தூளியில் வைத்தோம். அவள் பம்ப்பின் கைப்பிடியை அடித்தாள். சின்னப் பம்ப், பெரிய சிலிண்டர். பல தடவை அடித்தால்தான் ஒரு விரற்கடை ஏறும். ஆனால் அடிக்கிறவள் கைக்கு ஒரு பாரமும் தெரியாது. அவர் மெத்தையை விட்டு மெல்ல எழும்பினார். எட்டு மாதத்தில் முதல்முறையாக, யாரும் கை கொடுத்துத் தூக்காமல், அவர் முதுகுக்குக் கீழே காற்று போயிற்று. இரும்புக் கையைச் சுழற்றி நாற்காலிக்கு நேராகக் கொண்டுவந்தேன். நாற்காலி கொஞ்சம் கோணலாக இருந்தது. அதைத் திருப்ப நான் குனிந்த நேரத்துக்குள், அவர் தானாக இறங்கிக்கொண்டிருந்தார்.

எண்ணெயைத் திருப்பி விட்டு ஆளை இறக்கும் வால்வை யாரும் திறக்கவில்லை. மாவு சரிகிற மாதிரி, சத்தமில்லாமல் இறக்கம். நாற்காலியின் கைப்பிடி மேல் அவர் தொடை போய் அமர்ந்தது. அவருக்கு வலிக்காது. வலிக்காததுதான் ஆபத்து. எலும்பு முறிந்தாலும் நாங்கள்தான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். மறுபடி அடித்து உயர்த்தி, கட்டிலுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். தொடையில் சிவப்புத் தடம். முறிவு இல்லை.

"இது வேண்டாம்," என்றேன். "சரியாகற வரைக்கும் அவரை இதுல வைக்க மாட்டேன்."

அவள் தலையாட்டினாள். அன்றும் மறுநாளும் சிலிண்டரை மூன்று முறை பிரித்தாள். புதுச் சீல், புது எண்ணெய். வால்வுக்குள் இருக்கும் இரும்புக் குண்டை மாற்றி, அது உட்காரும் இடத்தைத் தேய்த்தாள். ஒவ்வொரு முறையும் என்ஜின் பிளாக்குகளுக்கு அடியில் வைத்தால் கோடு அசையாமல் நிற்கிறது. தூணில் மாட்டி ஒரு மணல் மூட்டையைத் தொங்கவிட்டால் இறங்குகிறது. தூண் சாய்கிறதோ என்று நூல் பிடித்துப் பார்த்தாள். இல்லை. வேலையில் அவள் பல்லைக் கடித்து நான் பார்த்தது அப்போதுதான்.

செவ்வாய் மாலை மகள் வந்தாள். கையில் அப்பாவுக்குப் புதுச் சட்டைகள், பெயர் தைத்த துண்டுகள். இல்லத்தில் அப்படிக் கேட்டிருந்தார்களாம். தூணை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"அம்மா, நீ முயற்சி பண்ணலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"யாரும் என்ன சொல்றாங்கன்னு நான் கேட்கலையே."

"அப்பா, நீங்க சொல்லுங்க."

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அங்க ஜன்னல் இருக்குதான்னு கேளு. இங்க படுத்துக்கிட்டே பட்டறை சத்தத்தை வச்சு எந்த வண்டி வந்திருக்குன்னு சொல்லிடுவேன். அங்க சத்தம் என்ன இருக்கும், யார் இருமறாங்கன்னு பந்தயம் கட்ட வேண்டியதுதான்." பிறகு, "அவ இடுப்பு போயிடக் கூடாதும்மா. நான் போறேன்," என்றார்.

புதன் காலையில் நான் போனபோது பெட்டி பாதி அடுக்கியிருந்தது. ஜாக்கியம்மா வாசல்படியில் உட்கார்ந்து கைவிரல்களில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"போகட்டும் அக்கா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. எனக்கு வேறு வேலை இருந்தது. அவர் தொடையில் இருந்த சிவப்பில் ஒரு பகுதி நாற்காலியால் வந்ததில்லை. தூளித் துணியின் ஓரம் அறுத்தது மாதிரி இருந்தது. இல்லத்திலும் தூளியில்தான் தூக்குவார்கள். எந்த இடத்தில் துணி அறுக்கிறது என்று தெரிந்தால் அங்கே பஞ்சு வைக்கச் சொல்லி அனுப்பலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, நாமே உள்ளே உட்காருவது.

"என்னைத் தூக்கு," என்றேன்.

"உங்களையா?"

"நான் நாற்பத்தஞ்சு கிலோ. முடியாதா?"

டிரைவரைக் கட்டிலின் ஓரமாகப் புரட்டிவிட்டு, இந்தப் பக்கம் நான் தூளியில் உட்கார்ந்தேன். அவள் இருபது முப்பது அடி அடித்துவிட்டுக் கைப்பிடியை விட்டாள். துணி எங்கே அழுத்துகிறது என்று கையை விட்டுத் தடவ நினைத்தேன். அதற்குள் மெத்தைக்கே வந்துவிட்டேன்.

"மறுபடி."

மறுபடியும் அப்படியே. டிரைவரைவிட நான் வேகமாக இறங்கினேன். மகள்கூடச் சிரித்துவிட்டாள்.

"நல்ல மெஷின்," என்றார் டிரைவர். "யானை உட்கார்ந்தா நிக்குது, கொசு உட்கார்ந்தா படுத்துக்குது."

ஜாக்கியம்மாவும் சிரிக்கத் தொடங்கினாள். பாதியில் நிறுத்தினாள். கைப்பிடியைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், நான் ஏதோ உதிரிபாகம் மாதிரி.

"இன்னொரு தரம் சொல்லுங்க," என்றாள் கணவரிடம்.

"எதை? கொசுவையா?"

"அதைத்தான்."

பட்டறைக்குள் போய் ஒரு புதுச் சீலை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். ஓரத்தில் மெல்லிய உதடு, உள்ளே பள்ளம். "பாருங்க அக்கா. எண்ணெய் அழுத்தும்போது இந்தப் பள்ளத்துல புகுந்து உதட்டை விரிக்கும். உதடு சுவர்ல போய் ஒட்டும். எவ்வளவு பாரமோ அவ்வளவு ஒட்டும். பத்து டன் தூக்கற சிலிண்டர்ல உங்களை உட்கார வச்சா, எண்ணெய்க்கு நீங்க உட்கார்ந்ததே தெரியல. உதடு விரியவே இல்லை. தொளதொளன்னு கிடக்கு. பக்கவாட்டுல எண்ணெய் நழுவிடுது. வால்வுல இருக்கற குண்டும் அப்படித்தான், அமுக்கற ஆள் இல்லாம சரியா உட்காரல."

"அப்ப சிலிண்டர் கெட்டுப்போகல?" என்றாள் மகள்.

"சிலிண்டர் நல்லா இருக்கு. நான்தான் அதுக்கு வேலை கொடுக்கல. ரெண்டு டன் இரும்பைத் தாங்கினா அப்பாவைத் தாங்காதான்னு நினைச்சேன். இத்தனை வருஷத்துல எங்கிட்ட வந்த ஜாக்கி ஒண்ணுகூட மனுஷனைத் தூக்கினதில்லையே. லேசான எடையை வச்சு நான் சோதிச்சதே கிடையாது."

எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. ஒரே எடை சின்ன இடத்தில் இறங்கினால் அழுத்தம் அதிகம், பரந்த இடத்தில் இறங்கினால் குறைவு. குதிகால் முனையில் புண் வருவதும், தலையணை வைத்துப் பரப்பினால் வராமல் இருப்பதும் அதனால்தான். எங்கள் வேலையில் பரப்புவது நல்லது. அவள் வேலையில் அகலமான பிஸ்டன் மேல் எடை பரந்துபோனதுதான் கோளாறு.

"அப்ப ஒல்லியான சிலிண்டர் வேணும்," என்றேன்.

"உங்களுக்கு ஜாக்கி வேலை வருது அக்கா."

"எனக்கு எதுக்கு. போய்த் தேடு."

மோட்டார் பைக்கை நிறுத்திப் பழுது பார்க்கும் மேசை ஒன்று பட்டறை மூலையில் கிடந்தது. மேசைச் சட்டம் துருப்பிடித்து உடைந்தது. அடியில் இருந்த சிலிண்டர் நல்லது. கைக்கட்டை விரல் கனத்துக்குச் சற்றே கூடுதலான ராடு. கையின் மூன்றில் ஒரு பங்கு நீளத்தில் முட்டுக்கொடுப்பதால் அதன்மேல் ஆளின் எடையைப்போல் மூன்று மடங்கு விழும் என்றும், அந்தச் சிலிண்டர் அதைப்போல் இரண்டு பங்கு தாங்கும் என்றும் சுவரில் கரிக்கட்டியால் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பிரித்து, கழுவி, தண்ணீர் கொதிக்க வைத்து, சீல் மாட்டினாள். இந்த முறை மெல்லிய உதடு உள்ள, மெத்தென்ற சீல். எண்ணெய் இறங்கும் வழியில் ஊசி நுழைகிற அளவுத் துளை உள்ள ஒரு அடைப்பு வைத்தாள். வால்வை முழுக்கத் திறந்தாலும் ஆள் தடாலென்று விழ மாட்டார். லேத்துக்காரர் சாப்பாட்டைக்கூடத் தள்ளிப்போட்டுப் புது ஆணியும் புஷ்ஷும் கடைந்து கொண்டுவந்தார்.

அதற்குள் நான் தூளியின் ஓரத்தைப் பிரித்து உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தேன். எங்கே அறுக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும்.

பிற்பகல் முழுக்க ஏற்றி இறக்கிச் சோதித்தோம். முதலில் இரண்டு மடங்கு மணல். கை வளைந்தது, திரும்பியது. பிறகு லேத்துக்காரர். "அத்தை, விழுந்தா என் லேத்தை யார் ஓட்டுவா?" "நான் ஓட்டறேன். உன்னைவிட நல்லாவே ஓட்டுவேன்." அவர் தொங்கியபடியே ஒரு கிளாஸ் டீ குடித்து முடித்தார். ராடில் போட்ட கோடு அங்கேயே இருந்தது. பிறகு மகள். பிறகு நான். காலை ஆட்டிக்கொண்டு தொங்கினேன். யாரும் என்னை இறக்கிவிட அவசரப்படவில்லை.

பொழுது சாய்ந்ததும் கடைசிச் சோதனைக்கு அவள் ஒரே ஒரு சிறிய மணல் மூட்டையை எடுத்தாள். மகளுக்குப் புரியவில்லை.

"இவ்வளவுதானா? ராத்திரி பூரா பெரிய எடை வைக்க வேண்டாமா?"

"பெரிய எடையை எது வேணா தாங்கும். இதைத் தாங்குதான்னுதான் பார்க்கணும்." ராடில் புதிதாகச் சாக்பீஸ் கோடு போட்டாள். "காலையில கோடு இருந்தா வண்டி வேண்டாம். கோடு போயிருந்தா நானே பெட்டியை ஏத்தறேன். சம்மதமா?"

மகள் குனிந்து கோட்டைப் பார்த்தாள். "சம்மதம்," என்றாள்.

"என்னை யாரும் கேட்கலையே," என்றார் டிரைவர்.

"சரக்கு பேசக் கூடாது," என்றாள் மனைவி.

மறுநாள் காலை நான் போனபோது மூவரும் விழித்துத்தான் இருந்தார்கள். ஆனால் கோட்டை யாரும் பார்த்திருக்கவில்லை. எனக்காகக் காத்திருந்தார்களாம். ஜன்னல் திரையை விலக்கினேன். ஜாக்கியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். விரல் நகத்தை ராடில் வைத்துப் பார்த்தாள். மகளைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னாள். வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் முழுசாக இருந்தது.

மகள் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். வண்டி வர வேண்டாம் என்று அவள் சொல்வது உள்ளே கேட்டது. "இல்லைங்க, தள்ளிப்போடல. வேண்டாம்னு சொல்றேன்."

நாற்காலியை முதலிலேயே நேராக வைத்தேன். தூளியை அவர் அடியில் பரப்பினோம். ஜாக்கியம்மா கைப்பிடியை அடித்தாள், அவர் எழும்பினார், கையைச் சுழற்றினேன். அந்தரத்தில் நிறுத்திவிட்டு, வேண்டுமென்றே, அவர் காலுறைகளைச் சரிசெய்தேன். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். வால்வை ஒரு திருகு திருகியதும், நாற்காலியில் மெல்ல வந்து உட்கார்ந்தார். தொடை, இடுப்பு, முதுகு எல்லாம் பார்த்தேன். ஒரு சிவப்பும் இல்லை.

மகள் அவரைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்குப் போனாள். மேசை ஓரமாக நிறுத்தியதும் அவர் கை நீட்டி மண்ணெண்ணெய்த் தட்டை இழுத்து, அதில் கிடந்த நட்டுகளைக் கழுவத் தொடங்கினார். "இதை யார் கழுவினது? அழுக்கு அப்படியே இருக்கு," என்று அவர் குறை சொல்வதும், "வந்த உடனே ஆரம்பிச்சாச்சா" என்று அவள் சொல்வதும் கேட்டது.

அறையில் கட்டில் காலியாக இருந்தது. லேத்துக்காரரைக் கூப்பிட்டேன். மெத்தையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்துத் தூக்கி, முற்றத்தில் கொண்டுபோய் வெயிலில் போட்டோம்.